மயக்க டாக்டர் இல்லாத ஊர்

கண்டக்டரம்மாவுக்கு வாய் பெரிது என்பது அந்தத் தடத்தில் பஸ் ஏறுகிற எல்லாருக்கும் தெரியும். படிக்கட்டில் தொங்கும் கல்லூரிப் பையன்களை உள்ளே வரச் சொல்லி அவள் கெஞ்சியதே இல்லை. "ஏன்டா, உங்க வீட்ல நீ வேண்டாம்னு சொல்லிட்டாங்களா? அப்படின்னா சொல்லு, நானே தள்ளிவிடறேன்" என்று ஒரு சத்தம் போடுவாள். பஸ்ஸே சிரிக்கும். பையன்கள் அசடு வழிய உள்ளே வந்துவிடுவார்கள். கழுத்தில் விசில் பேருக்குத்தான் தொங்கும். அவள் "ரைட்" என்றால் எதிர்ப்பக்கத்தில் நிற்கிற பஸ்கூட நகர்ந்துவிடும் என்பார் டிரைவர் அண்ணன்.

பஸ் டிரைவராக இருந்த கணவர் மாரடைப்பில் போன பிறகு, டிப்போவில் இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை அது. சேர்ந்த புதிதில் டிக்கெட் கேட்கவே கூச்சப்பட்டவள்தான். கூச்சப்பட்டால் டிக்கெட்டும் எடுக்கமாட்டார்கள், காலையும் மிதிப்பார்கள் என்று புரிந்ததும் குரலை ஏற்றினாள். ஏற்றிய குரல் அப்புறம் இறங்கவே இல்லை. ஒரே மகன், வெல்டிங் பட்டறையில் வேலை. அவன் அம்மாவுக்கு நேரெதிர். நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும்.

அந்த வீட்டுக்குத்தான் மகாராணி வந்து சேர்ந்தாள்.

மகாராணி என்பது மாமியார் வைத்த பெயர். மருமகள் ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டுகிறவள். நாள் பூராவும் கடையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு அதற்கு நேர்கீழே உட்கார்ந்துவிடுவாள். கண்டக்டரம்மாவுக்கோ ஃபேன் காற்று பட்டால் உடம்பெல்லாம் நோகும்.

"மகாராணிக்கு டீ அங்கேயே வரணுமோ?"

"வந்தா நல்லாத்தான் இருக்கும் அத்தை."

கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியாது. முகத்தில் ஒன்றும் இருக்காது. மாமியார் எட்டுக் கட்டையில் கத்தினாலும் அவள் குரல் ஒரு இழைகூட ஏறாது. "சண்டைக்கு எதிராளின்னு ஒருத்தர் வேண்டாமாண்ணா? இவகிட்ட என்ன சொன்னாலும் பஞ்சு மூட்டையில கல்லெறிஞ்ச மாதிரி இருக்கு" என்று டிரைவர் அண்ணனிடம் புலம்புவாள். "உனக்கு அப்படி ஒருத்திதான் சரி, தங்கச்சி" என்பார் அவர்.

மகாராணி உண்டானதும் கண்டக்டரம்மாவின் சத்தம் இன்னும் கூடியது. ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு சத்தம், ஏன் குனிந்தாய் என்று ஒரு சத்தம். மாதாமாதம் ஸ்கேனுக்கும் பரிசோதனைக்கும் பெரிய ஊருக்குப் போகவேண்டும். மாமியாரின் பஸ்ஸில்தான் போவாள். அவள் ஏறியதும் கண்டக்டரம்மா பஸ் முழுக்க அறிவிப்பாள்: "கொஞ்சம் நகருங்க, எங்க வீட்டு மகாராணி உட்காரணும்!" மருமகளுக்கு மானம் போகும். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

ஊரில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. புதுக் கட்டடம், வழவழவென்று தரை, பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று வாசலில் போர்டுகூட உண்டு. ஆனால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. மயக்க டாக்டர் இல்லாமல் யார் வயிற்றில் கத்தி வைப்பது? தியேட்டரைப் பூட்டிவிட்டார்கள். "நல்லபடியா நடந்தா இங்கேயே, நடக்கலைன்னா பெரிய ஊருக்கு" என்று ஊரில் வெகு சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்கள், மழை வந்தால் குடை என்பதுபோல.

மகாராணிக்கு நல்லபடியாகத்தான் நடந்தது.

காலையில் வலி வந்தது. மகனும், பக்கத்துத் தெருவிலிருந்த சம்பந்தியம்மாவும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கண்டக்டரம்மா டியூட்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தபோது குழந்தை பிறந்துவிட்டது. பெண். சம்பந்தியம்மா மடியில் துணிச் சுருளாகக் கிடந்தது. மகன் அதை எங்கே தொடுவது என்று தெரியாமல் விரலை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தான்.

"அத்தை" என்று கட்டிலிலிருந்து மகாராணி கூப்பிட்டாள். "உங்க மூக்கு வந்தாலும் பரவாயில்ல, குரல் மட்டும் வந்துடக்கூடாதுன்னு நினைச்சேன். வந்துடுச்சு. வார்டே எழுந்து உட்கார்ந்துடுச்சு."

"வரட்டும்டி. இந்த வீட்ல எனக்கு ஒரு ஆள் வேண்டாமா?"

சம்பந்திகள் இருவரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்துக்கொண்டேதான் விரிப்பை மாற்ற வந்தார். மாற்றினார். சற்று நேரத்தில் மறுபடி மாற்றினார். மூன்றாவது முறை விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, படிப்பை முடித்து வந்து அதிக நாள் இருக்காது. ஊசி போட்டார்கள், இரண்டு கையிலும் பாட்டில் ஏற்றினார்கள், அடிவயிற்றை அமுக்கித் தேய்த்தார்கள். கர்ப்பப்பை சுருங்கவில்லை, ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்து சொன்னார். "ரத்தம் ஏத்தணும்மா. தியேட்டருக்கும் எடுத்துட்டுப் போகவேண்டி வரலாம். இங்கே ரெண்டும் முடியாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

"ஏன் முடியாது? தியேட்டர்தான் போர்டு போட்டு வெச்சிருக்கீங்களே!"

"மயக்க டாக்டர் இல்லம்மா."

"இல்லைன்னா? கட்டடம் கட்டத் தெரிஞ்சவங்களுக்கு ஆள் போடத் தெரியாதா? எங்க வீட்டுப் பொண்ணு என்ன பார்சலா, இந்த ஊர் வேண்டாம் அந்த ஊர் கொண்டுபோன்னு சொல்றதுக்கு? நீங்க எதுக்கு இங்கே இருக்கீங்க?"

பஸ்ஸில் போடுகிற சத்தமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. வாட்ச்மேன் அவள் முழங்கையைப் பிடித்தான். டாக்டரம்மா நிமிர்ந்தே பார்க்காமல் அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஆம்புலன்ஸ் இருந்த ஒன்றும் விபத்தில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ரத்தத்துக்கு ஏற்பாடு செய்ய மகன் நண்பனின் பைக்கில் பெரிய ஊருக்கு முன்னாடியே பறந்தான். மகாராணியை எதில் கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றபோது, வாசலில் ஒரு ஹாரன் கேட்டது. பழகிய ஹாரன். விஷயம் கேள்விப்பட்டு டிரைவர் அண்ணன் பஸ்ஸையே பின்பக்கமாக ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்துவிட்டார். உட்கார்ந்திருந்த சனம் யாரும் சொல்லாமலே இறங்கியது. இறங்கியவர்களே கட்டிலோடு தூக்கிவந்து, கடைசி நீளச் சீட்டில் அவளைக் கிடத்தினார்கள். பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். பச்சைக் குழந்தையோடு சம்பந்தியம்மா வார்டிலேயே நின்றுவிட்டார். சிஸ்டர், "நானும் வரேன்" என்று யாரிடமும் கேட்காமல் ஏறினார். ஏறியதிலிருந்து இரண்டு கையையும் மகாராணியின் அடிவயிற்றில் வைத்து அமுக்கிப் பிடித்தவர், எடுக்கவே இல்லை.

எந்த ஸ்டாப்பிலும் பஸ் நிற்கவில்லை. கை காட்டியவர்கள் திட்டியது ஜன்னல் வழியாகக் கேட்டது. நடுவில் ரோட்டு வேலை. ஒரு பக்கம்தான் வழி. எதிரே வந்த வண்டிகளிடம் டிரைவர் அண்ணன் ஹாரனால் கெஞ்சினார்.

"அத்தை, குளிருது."

கண்டக்டரம்மா யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். குளிருது என்று இந்த வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. ஒவ்வொரு ஜன்னலாக ஓடி ஓடி மூடினாள். திரும்பி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தபோது மகாராணி ஒன்று கேட்டாள். கண்டக்டரம்மா பதில் சொன்னாள். பெரிய ஊரின் முதல் கட்டடங்கள் தெரிந்தபோது சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.

மகன் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். "அம்மா, ரத்தம் ரெடியா இருக்கு. நான் குடுத்துட்டேன். பட்டறைப் பசங்களும் வந்துட்டிருக்காங்க. எவ்வளவு வேணும்னாலும் குடுக்கலாம்."

ஒரே மூச்சில் அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், பின்னால் இறங்கிய சிஸ்டரின் கைகளைப் பார்த்தான். பஞ்சு கீழே விழுந்து, முழங்கையிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து, வந்த சனம் கலைந்த பிறகு, சம்பந்தியம்மா குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"இவளை நான் வளக்கறேன்."

கண்டக்டரம்மா தலையாட்டினாள். காலையில் போனால் பொழுது சாய்ந்து வருகிறவள் எப்படி வளர்ப்பாள்? நியாயம்தான். ஆனால் சம்பந்தியம்மா வாசல் வரை போய்த் திரும்பினார்.

"அந்த டாக்டர் சின்னப் பொண்ணு. நீங்க கத்தின கத்துல அது பயந்துபோச்சு. நமக்கெதுக்கு வம்புன்னு என் பொண்ணைத் தள்ளி விட்டுடுச்சு. கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா இங்கேயே ஏதாவது பண்ணியிருப்பாங்க. உங்க வாய்தான் சம்பந்தி... உங்க வாய்தான்."

அவர் கத்திச் சொல்லவில்லை. மகாராணி பேசுவாளே, அதே இழையில் சொன்னார்.

டிப்போவில் பஸ்ஸைக் கழுவி அனுப்பினார்கள். "வேற தடம் கேட்டு வாங்கிக்கோ, தங்கச்சி. நான் பேசறேன்" என்றார் டிரைவர் அண்ணன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். வேறு பஸ்ஸில் ஏறினால் மட்டும் மறந்துவிடப் போகிறதா? கடைசிச் சீட்டில் ஆட்கள் உட்கார்ந்தார்கள், பையை வைத்தார்கள், தூங்கினார்கள். பஸ் என்றால் அப்படித்தான். அவள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள், விசில் ஊதினாள். முன்னாடி போங்க என்றுகூடச் சொல்லவில்லை. கையால் காட்டினாள். படிக்கட்டில் தொங்கும் பையன்கள் அவள் திட்டுவாள் என்று காத்துப் பார்த்துவிட்டு, திட்டாததால் பயந்து அவர்களாகவே உள்ளே வந்தார்கள்.

வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேருமே பேசாதவர்கள். ஒரு நாள் மகன், வெளியூரில் ஒரு கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றான். போயேன் என்றாள். போனான். வாரம் ஒரு தடவை போன் செய்வான். "பாப்பா நல்லா இருக்காளா?" என்பான். "இருக்கா" என்பாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

உண்மையில் பாப்பாவை அவள் பார்த்தது குறைவு. லீவு நாளில் போவாள். சம்பந்தியம்மா வாசலிலேயே குழந்தையைக் காட்டுவார், கையில் தரமாட்டார். இவளும் கேட்கமாட்டாள்.

ஒரு நாள் மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில் சிஸ்டர் பஸ்ஸில் ஏறினார். டிக்கெட் வாங்கிக்கொண்டு, உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைக்கிறேன். நீங்க கத்தினதால அனுப்பலம்மா. நீங்க வராந்தாவில கத்தறதுக்கு முன்னாடியே டாக்டர் போன் எடுத்து வண்டி கேட்டுட்டாங்க. வண்டி இல்லைன்னு சொன்னப்பதான் வெளியே வந்து உங்ககிட்ட பேசினாங்க."

கண்டக்டரம்மா டிக்கெட் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மருமகளுக்கு முன்னாடியும் அனுப்பியிருக்கோம். பின்னாடியும் அனுப்பிட்டுத்தான் இருக்கோம். போன வாரம் ஒரு பொண்ணு, குழந்தை வயித்துலயே போயிடுச்சு. ரோட்டுல. நான் வெளியில சொன்னா என்னை வேற ஊருக்குத் தூக்கி அடிச்சுடுவாங்க. நான் போயிட்டா அந்த வார்டுக்கு நானும் இல்ல. நீங்க பேசலாமில்ல?"

"எனக்கு வாய் போச்சு சிஸ்டர்."

"போகலை. எனக்கு மட்டும்தானே கேக்கற மாதிரி இப்ப பேசினீங்க? உங்க வாய்க்கு அதுவே பெரிய விஷயம்" என்றார் சிஸ்டர். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை. ஆனால் சிஸ்டர் இறங்கும்போது, பல மாதத்துக்குப் பிறகு, "பாத்து எறங்குங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அடுத்த லீவு நாளில் கண்டக்டரம்மா சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "அந்த ஆஸ்பத்திரியில பிரசவம் குறைவும்மா. குறைவா இருக்கிற இடத்துக்கு மயக்க டாக்டர் வேணும்னா மேல ஒத்துக்கமாட்டாங்க."

"பஸ் நிக்காத ஸ்டாப்ல யாரு சார் வந்து நிப்பாங்க? யாரும் நிக்கல, அதனால பஸ் நிக்காதுன்னா எப்படி?"

"இது எனக்குத் தெரியாதா?" அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இதையே நான் வேற வார்த்தையில மேல சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். நான் சொன்னா அது பேப்பர். பேப்பர் அழாது, கத்தாது. எடுத்து ஓரமா வெச்சா அப்படியே இருக்கும்."

அவள் வீடு திரும்பும்போது 'பேப்பர் அழாது, கத்தாது' என்றதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் பேச ஆரம்பித்தாள். பெரிய ஊருக்குப் பரிசோதனைக்குப் போகிற பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், அவர்களோடு வரும் அம்மாக்கள், அக்காக்கள், எல்லாரும் அவள் பஸ்ஸில்தானே ஏறவேண்டும்? முதலில் தன் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, மற்றவர்கள் வாயிலிருந்தும் வந்தது. ஒருத்திக்கு லாரியில் குழந்தை பிறந்திருந்தது. இன்னொருத்தியின் அண்ணி திரும்பி வரவில்லை. ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு இதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே இருந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் அத்தனை பேரும் கைக்குழந்தைகளோடு சுகாதார அலுவலகத்துக்குப் போய், வராந்தாவில் உட்கார்ந்தார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. போடத் தேவையே வரவில்லை. ஒரு குழந்தை ஆரம்பித்தால் அத்தனையும் ஆரம்பித்தன. ஒரு கிளார்க் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். தவழ்கிற குழந்தை ஒன்று நேராகக் கண்ணாடிக்கார அதிகாரியின் அறைக்குள் போய், மேஜைக்கடியில் ஈரம் செய்துவிட்டு வந்தது. "இதை மேல அனுப்புங்க சார்" என்றாள் கண்டக்டரம்மா. அவர் நிஜமாகவே சிரித்துவிட்டார். போனை எடுத்து மேலிடத்துக்குப் பேசினார். பேசும்போது ரிசீவரைக் கொஞ்ச நேரம் வராந்தாப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

அதன் பிறகும் போகவும் வரவுமாக மாதங்கள் ஓடின. எங்கே போனாலும், "நடந்ததைச் சொல்லுங்க" என்பார்கள். அவள் சொல்வாள். சொல்லிச் சொல்லி அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்கிறவர்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரிந்துபோனது. அது தெரிந்துபோன அன்றைக்கு வீட்டுக்கு வந்து, விளக்குப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். செத்தது தன் வீட்டுப் பெண்; அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினாற்போல் இருந்தது. மகாராணியின் முகத்தை நினைக்கப் பார்த்தால் தன் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி நேரில் வந்தார். ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாற்காலி போட்டார்கள். ஊரே வந்திருந்தது. சின்ன டாக்டரம்மா ஒரு ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றிருந்தார். கண்டக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். எழுந்து, வழக்கமாகத் தொடங்குகிற இடத்தில் தொடங்கினாள். குரல் கணீரென்று போனது. பஸ்ஸில் ஏற்றிய இடம் வந்தபோது கூட்டத்தின் கடைசியில் கண் போனது.

சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். தோளில் பாப்பா.

மகள் எப்படிப் போனாள் என்று அவர் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. சொல்ல வந்தவர்களையும் விட்டதில்லை. கண்டக்டரம்மா பாதியில் நிறுத்தினாள். இந்த அம்மாவுக்கு முன்னால் அந்தப் பேச்சை எப்படிப் பேசுவது?

"சொல்லுங்கம்மா, அப்புறம்?" என்றார் அதிகாரி.

கண்டக்டரம்மா அதிகாரியைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்துத்தான் சொன்னாள். குரல் தானாக இறங்கியது. கூடமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

"குளிருதுன்னா. கோட்டைப் போட்டுவிட்டேன். வலிக்குதுன்னு சொல்லவே இல்ல சம்பந்தி. சத்தியமா சொல்லல. தலையை என் மடியிலதான் வெச்சிருந்தா. அப்புறம் ஒண்ணு கேட்டா. இதை நான் எங்கேயும் சொன்னதில்ல. 'அத்தை, பாப்பா அழறாளா?'ன்னு கேட்டா. நான் பஸ்ஸுல இருக்கேன். எனக்கு எப்படித் தெரியும்? 'இல்லடி, நல்லாத் தூங்கறா'ன்னு சொன்னேன். 'சரி'ன்னா. அவ்வளவுதான். வேற எதுவும் பேசல."

"அழுதா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா பாப்பாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "தூங்கல. அந்த நேரம் பூரா அழுதுக்கிட்டேதான் இருந்தா. என்ன பண்ணியும் நிறுத்த முடியல."

"எனக்குத் தெரியாது சம்பந்தி."

"தெரியாதுதான்" என்றார் அவர். பிறகு, "நல்லவேளை, தூங்கறான்னு சொன்னீங்க" என்றார்.

கண்டக்டரம்மா உட்கார்ந்துவிட்டாள்.  அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஓரத்தில் நின்ற சின்ன டாக்டரம்மாதான் முன்னால் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. "என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சது மேடம். செய்ய முடியல. இனிமேலும் இப்படி அனுப்பிட்டே இருக்க என்னால முடியாது" என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

மயக்க டாக்டர் வந்தார். ரத்தம் வைக்கிற ஃப்ரிட்ஜ் ஒன்று வந்தது. இன்னொரு ஆம்புலன்ஸும் வரும் என்றார்கள். அது இன்னும் வரவில்லை. தியேட்டரைத் திறந்த அன்று பேப்பர்க்காரர்கள் படம் எடுத்தார்கள். கண்டக்டரம்மா அந்தப் படத்தில் இல்லை. அவளுக்கு அன்றைக்கு டியூட்டி.

சில நாள் கழித்து, பஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது சிஸ்டர் கேட்டுக்கு ஓடிவந்து கையைக் காட்டினார். டிரைவர் அண்ணன் பிரேக் போட்டார். "கண்டக்டரம்மா! முதல் ஆபரேஷன்! அம்மா, குழந்தை ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" பஸ்ஸில் எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ, எந்தத் தெருவோ, அந்தப் பெண் யாரென்றுகூட அவளுக்குத் தெரியாது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே, இது ஏன் எங்க வீட்டுக்கு வாய்க்கவில்லை என்று ஒன்று கிடந்து அறுத்தது. 'ரைட்' சொல்ல வாய் வராமல் விசிலை எடுத்து ஊதினாள்.

பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடுகிற நாளில் சம்பந்தியம்மாவே ஆள்விட்டுக் கூப்பிட்டார். "ஊசி குத்தறதை என்னால பாக்க முடியாது. நீங்க வாங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார். கண்டக்டரம்மா டிரைவர் அண்ணனிடம், பஸ் கிளம்புகிற நேரத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சம்பந்தியம்மா பாப்பாவை மடியில் வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், கண்டக்டரம்மா காலைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா ஊசிக்கு ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், வரிசையில் நின்ற குழந்தைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன.

அழுகையை நிறுத்த சம்பந்தியம்மா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொள்ள, இருவரும் வராந்தாவில் நடந்தார்கள். பிரசவ வார்டு வந்தது. அதற்கு நேரெதிரே ஒரு அகலக் கதவு. திறந்திருந்தது. உள்ளே ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய விளக்கு, அதன் கீழே ஒரு மேஜை.

"இதுவா தியேட்டர்?" என்றார் சம்பந்தியம்மா.

அன்றைக்கு இந்தக் கதவை மறைத்து உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். என்னமோ தட்டுமுட்டுச் சாமான் அறை என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். அந்த நாற்காலி ஒன்றில் கையை ஊன்றிக்கொண்டுதான் கண்டக்டரம்மா டாக்டரைப் பார்த்துக் கத்தினாள். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவள். மகாராணி படுத்திருந்த கட்டிலுக்கும் இந்த மேஜைக்கும் நடுவில் ஒரு வராந்தா. அவ்வளவுதான். இங்கே ஒரு ஆள் இல்லாததால், ஊரையெல்லாம் தாண்டி அவளை அவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள்.

"இவ்வளவு கிட்டவா சம்பந்தி?"

"ம்."

சம்பந்தியம்மா, "கொஞ்சம் பிடிங்க" என்று பாப்பாவைக் கண்டக்டரம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மகள் போனதிலிருந்து யார் முன்னாலும் அழாதவர், வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதார். கண்டக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் முதுகைத் தடவினாள். பாப்பா விக்கி விக்கி அவள் தோளிலேயே கண்ணை மூடினாள். இவ்வளவு கனமாக இருக்குமா என்று இருந்தது. பிறந்த அன்றைக்குப் பிறகு இன்றைக்குத்தான் தூக்குகிறாள்.

வெளியே டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தார். இதோ வரேன் என்று இங்கிருந்தே ஒரு குரல் கொடுத்தால் அவருக்குக் கேட்கும். பாப்பா முழித்துக்கொள்வாள். அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.